மஞ்சள் புள்ளியையே எண்ணிக்கிட்டு இருந்தா எப்படி?

"வயசானா கண்ணு மங்கத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களை விட்டுவிடலாம், இந்தச் சண்டை அவர்களோடு இல்லை. மாக்குலா சிதைவு என்றாலே மஞ்சள் புள்ளிதான் என்று பாடம் நடத்துகிறவர்களோடும், அந்தப் பாதிப் பாடத்தை வைத்து மாத்திரை விற்கிறவர்களோடும்தான்.

புள்ளிக்குப் பெயர் ட்ரூசன். விழித்திரைக்கு அடியில் நிறமிச் செல்கள் ஒரு வரிசை, அதற்கும் கீழே புரூக் சவ்வு. இரண்டுக்கும் நடுவே கொழுப்பும் புரதமும் சேர்ந்து தேங்குகிற குப்பைதான் அது. 63 மைக்ரானுக்குள் இருந்தால் சும்மா வயசுக் கோளாறு. 125ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டிய கேஸ். இதுவரை எல்லாம் சரி.

ஆனால் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வெள்ளையர்களின் விழித்திரையை கலர் போட்டோ எடுத்து, அதில் தெரிந்த புள்ளிகளை எண்ணி வந்தது. கேமராவுக்குத் தெரிந்ததை எண்ணினார்கள். நிறமி வரிசைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கோராய்டு தெரியவில்லை, விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் விழித்திரையின் வெளிப்பாதிக்கு ரத்தக்குழாயே கிடையாது. ஆக்ஸிஜன் பெரும்பாலும் கோராய்டிலிருந்துதான் வருகிறது! சோறு போடுகிற வீட்டை விட்டுவிட்டு வாசல் குப்பையை மட்டும் அளந்த கதை.

2008ல் ஸ்பெய்டு குழுவினர் ஓ.சி.டி. மெஷினை கண்ணுக்கு இன்னும் கிட்டே தள்ளி, படத்தைத் தலைகீழாக எடுத்து, கோராய்டின் அடிவரை பார்க்க வழி சொன்னார்கள். அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. நிறமி வரிசைக்கு மேலே படிகிற 'பொய் ட்ரூசன்' உள்ளவர்களுக்குக் கோராய்டு மெலிந்து கிடக்கிறது. வேறு சிலருக்கோ நேரெதிர்: கோராய்டு தடித்து, ரத்தக்குழாய்கள் வீங்கி, ஆனால் புள்ளி ஒன்றிரண்டுதான், சமயத்தில் அதுவும் இல்லை.

இந்த இரண்டாவது கூட்டத்தில் வருவதுதான் பாலிப்பாய்டல் கோராய்டல் வாஸ்குலோபதி (பெயரைப் பார்த்தே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள், நில்லுங்கள்). குழாய் நுனியில் மொட்டு மொட்டாக வீங்கி, திடீரென்று ரத்தம் கசியும். யானுஸி குழு 1990ல் இதை விரிவாக எழுதியது. ஆசியர்களிடம் இது வெள்ளையர்களைவிட நிறைய, இந்தியாவும் விலக்கில்லை. அப்படியிருக்க, "புள்ளி இல்லை, கவலைப்படாதீங்க" என்று இங்கே ஒருவரை அனுப்பி வைப்பது எந்த ஊர் நியாயம்?

பெயரில் என்ன இருக்கிறது, எல்லாத்துக்கும் அதே ஊசிதானே என்பார்கள். முழுக்க அப்படி இல்லை. 2017ல் வெளியான எவரெஸ்ட் 2 ஆய்வில் 322 ஆசிய நோயாளிகள். ரானிபிஸுமாப் ஊசி மட்டும் போட்டவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்குத்தான் மொட்டுகள் முழுசாக மறைந்தன. ஊசியோடு ஒளிச்சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் சுமார் 69. பார்வையும் இவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேறியது. வேறு ஊசி தனியாகவே பலருக்குப் போதும் என்று சொல்லும் ஆய்வும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கவாவது முதலில் நோய் எது என்று தெரிய வேண்டாமா?

மாத்திரை மேட்டருக்கு வருவோம். 2001ல் அமெரிக்காவில் வெளியான ஏரெட்ஸ் ஆய்வு, நோய் முற்றும் வாய்ப்பை 25 சதவீதம் குறைத்ததாகச் சொன்னது உண்மை. யாருக்கு? பெரிய ட்ரூசன் போன்ற நடுத்தர நிலை மாற்றம் உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணில் ஏற்கனவே முற்றியவர்களுக்கும். ஆரம்ப நிலையில் பலன் தெரியவில்லை. மொட்டு நோய்க்கு உதவும் என்று அது காட்டவே இல்லை. பழைய கலவையிலிருந்த பீட்டா கரோட்டின் புகை பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் என்பதால், 2013ல் அதற்குப் பதில் லூட்டினும் ஸியாஸாந்தினும் வந்தன. இவ்வளவு நிபந்தனை உள்ள மாத்திரையை "எல்லார் கண்ணுக்கும் நல்லது" என்று விற்பது பச்சைப் பொய்.

பச்சைச் சாயம் ஏற்றி அகச்சிவப்பில் படம் எடுக்கும் ஐ.சி.ஜி. பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது, செலவும் அதிகம்தான். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஓ.சி.டி. எடுத்தாயிற்று, படம் கையில் இருக்கிறது, அதன் கீழ்ப்பாதியில் கோராய்டும் கிடக்கிறது. அதைப் பார்க்க எந்த மெஷினும் தனியாகக் காசு கேட்பதில்லை.