ரெண்டு நிமிஷம்தான் சார்!

ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் ஒரு நடை போய் வந்துவிடலாம் என்று வீட்டில் சொன்னதால், போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தோம். ஐந்து மாடி. கடையின் பெயர் வேண்டாம். நீங்கள் எந்தக் கடையை நினைத்துக்கொண்டாலும் பொருந்தும். புடவை எடுக்கும் இடத்தில் எனக்கு வேலை இல்லை. ஆகவே வழக்கம்போல் வாசலில், செக்யூரிட்டிக்காரர் எடுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டடத்தின் இடப்பக்கம் ஒரு வழி பின்புறம் வரை போகிறது. தரையில் ஒரு காலத்தில் மஞ்சள் பெயின்டில் குறுக்குக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். இப்போது பாதி அழிந்துவிட்டது. சுவரில் ஒரு தகரப் பலகை. 'தீயணைப்பு வாகனம் செல்லும் வழி. இங்கு வண்டிகளை நிறுத்தாதீர்' என்று எழுதியிருக்கிறது. பலகைக்கு நேர் கீழே மூன்று கார்கள். அதற்கு அப்பால் இரண்டு வரிசையாக பைக், ஸ்கூட்டர். அதற்கும் அப்பால் ஒரு ஷாமியானா. அதனடியில் பிளாஸ்டிக் குடமும் பக்கெட்டும் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்'. கடைசியில் ஒரு மினி லாரி பேல் இறக்கிக்கொண்டிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காவதாக ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. செக்யூரிட்டிக்காரர் ஓடினார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"சார், இங்க போடக்கூடாது சார். ஃபயர் சர்வீஸ் வழி."

"ரெண்டு நிமிஷம்தான்யா. மாத்தி வாங்கிட்டு வந்துடறேன்."

நாற்பது நிமிஷம் கழித்து வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி, அந்தப் பலகையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பெரியவரே, இப்ப என்ன தீயா பிடிச்சிடுச்சு?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் இந்தப் பதிவு.

பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் தீ விபத்துப் பிரிவு. எரிந்த குடோன், எரிந்த மில், எரிந்த கடை என்று பார்த்துப் பார்த்து, கரிந்த துணியின் வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கட்டடத்தைச் சுற்றி விட்டிருக்கும் அந்தக் காலி இடம் கடைக்காரர் மிச்சம் பிடித்து வைத்த நிலமல்ல. மாடிப்படி எப்படிக் கட்டடத்தின் ஒரு பகுதியோ, அதுவும் அப்படித்தான்.

விதி என்ன சொல்கிறது? தேசியக் கட்டட விதித் தொகுப்பின் 2016 பதிப்பில், உயரமான கட்டடங்களுக்கு, சுற்றிலும் 6 மீட்டர் அகலத்துக்கு வண்டி ஓடக்கூடிய தரை வேண்டும் என்று இருக்கிறது. அந்தத் தரை 45 டன் எடையுள்ள தீயணைப்பு வண்டியைத் தாங்க வேண்டும். தடை எதுவும் இருக்கக்கூடாது. நுழைவாயில் 6 மீட்டருக்குக் குறையக்கூடாது. வாசல் கேட்டைத் திறந்தால் அது மதிலோடு மடங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் சுற்றிலும் இடம் விடச் சொல்கின்றன.

வண்டியின் அகலம் இரண்டரை மீட்டர்தானே, ஆறு எதற்கு என்று கேட்பார்கள். ஒரு கார் நின்றால்கூட மீதி இடத்தில் போகாதா என்பதுதான் அந்தக் கேள்வியின் உள்ளர்த்தம். தீயணைப்பு வண்டி போனால் மட்டும் போதாது. நின்று வேலை செய்யவேண்டும். இரண்டு பக்கமும் ஷட்டரைத் திறந்து ஹோஸை உருவவேண்டும். ஆட்கள் ஓடவேண்டும். முதல் வண்டியில் தண்ணீர் தீர்ந்தால் பின்னால் வரும் லாரி பக்கத்தில் அணைந்து நிற்கவேண்டும். ஸ்கைலிஃப்ட் வந்தாலோ, ஏணியை உயர்த்துவதற்கு முன் நான்கு கால்களையும் பக்கவாட்டில் விரித்து ஊன்றவேண்டும். கால் ஊன்ற இடமில்லை என்றால் அத்தனை கோடி போட்டு வாங்கிய ஏணி ஒரு அடிகூட எழும்பாது.

வழி இல்லாவிட்டால் என்ன செய்வார்கள்? வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். ஒரு ஹோஸ் பதினைந்து மீட்டர் என்றால், ஐம்பது மீட்டர் தூரத்துக்கு நான்கைப் பூட்டவேண்டும். ஒவ்வொரு பூட்டுக்கும் நேரம். நீளம் கூடக்கூட, கடைசி முனையில் தண்ணீரின் வேகமும் குறையும். ஜவுளிக்கடையில் தீ அதுவரை காத்திருக்காது.

இதெல்லாம் புத்தக அறிவு என்று நினைக்கவேண்டாம். இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2004 தீபாவளிக்கு முந்தைய வாரம். புறநகரில் ஒரு பெரிய கடை. அப்போது என்னிடம் ஒரு மாருதி 800 இருந்தது. பார்க்கிங்கில் இடமில்லை. பக்கவாட்டு வழியில் ஏற்கெனவே ஏழெட்டு வண்டிகள் நின்றன. எட்டோடு ஒன்பது என்று நானும் விட்டுவிட்டேன். தீ விபத்துப் பிரிவு அதிகாரி நான்! அந்த நேரத்தில் அது உறைக்கவே இல்லை.

நாங்கள் மூன்றாவது மாடியில் இருந்தபோது கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் புகை நெடி. பின்புறம் ஜெனரேட்டர் ரூமில் தீ. எல்லோரையும் படி வழியாக இறக்கிவிட்டார்கள். கீழே வந்து பார்த்தால் தீயணைப்பு வண்டி வாசலிலேயே நிற்கிறது. சீக்கிரமாகத்தான் வந்திருக்கிறார்கள். உள்ளே போக வழியில்லை. மைக்கில் கார் நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக வந்தது என் நம்பர்.

சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் வெளியே வரும் கூட்டத்துக்கு எதிராக நான் எப்படிப் போவது? போய்ச் சேர்ந்தாலும், முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார். அவற்றின் சொந்தக்காரர்கள் எங்கேயோ. கடைசியில் தீயணைப்பு வீரர்கள் கையாலேயே ஹோஸ் இழுத்தார்கள். பானெட்டின் மேல் ஏறித் தாண்டிக்கொண்டுதான் போனார்கள். என்னைப் பார்த்து ஒருவர், "உங்க வண்டியா சார்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

தீ கடைக்குள் பரவவில்லை. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்ட பையன், வண்டி உள்ளே வரும் வரும் என்று காத்திருந்து, மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு தானே அணைக்கப் போயிருக்கிறான். வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. இருபது வயதுகூட இருக்காது. ஒரு வாரம் கழித்து அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போனேன். "நீங்க யாரு சார்?" என்று கேட்டான். "இன்சூரன்ஸ்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாதி உண்மை.

எங்கள் கிளெய்ம் படிவத்தில் சரக்கு எவ்வளவு, பில் இருக்கிறதா, வயரிங் எப்படி என்றெல்லாம் கேட்போம். வழி அடைபட்டிருந்ததா, அடைத்தது யார் என்று நான் நிரப்பிய எந்தப் படிவமும் கேட்டதில்லை.

இப்போது அந்த வெள்ளைக்கார் தம்பிக்கும் அவரைப்போன்ற மற்றவர்களுக்கும் வருகிறேன்.

'தீ பிடித்தால் எடுத்துவிடுவோம்' என்பார்கள். எடுக்க முடியாது. நான் முயன்றவன். 'டிரைவர் உள்ளேயே இருக்கிறார்' என்பது அடுத்தது. டிரைவர் ஒருவர் இருப்பார். முன்னும் பின்னும் நிற்கும் வண்டிகளில் இருக்கமாட்டார்கள். மகன் கலிஃபோர்னியாவில் இருந்தபோது சூப்பர் மார்க்கெட் வாசலில் நான் இறங்குவதற்காகக்கூட அங்கே வண்டியை நிறுத்த மறுத்துவிட்டான். நடைபாதை ஓரக்கல் முழுக்கச் சிவப்பு. அதில் வெள்ளை எழுத்தில் 'ஃபயர் லேன்'. அந்த மாநில வாகனச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறதாம்: உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தக்கூடாது, தனியார் பார்க்கிங்காக இருந்தாலும் கூடாது. அமெரிக்கா போய் வந்த பெருமை பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். சொல்ல வந்தது இதுதான்: 'ரெண்டு நிமிஷம்' என்கிற சாக்கு அங்கேயும் இருந்திருக்கிறது. அதனால்தான் சட்டத்தில் அதற்கென்று ஒரு வாக்கியம் தேவைப்பட்டிருக்கிறது.

'இடம் எங்கே சார் இருக்கு?' இது கடைக்காரர்களின் கேள்வி. இருக்கிறது ஐயா. பிளானில் பேஸ்மென்ட் பார்க்கிங் என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டு, அங்கே சரக்கை அடுக்கினால் கார் எங்கே போகும்? மேலே, தீயணைப்பு வழிக்குத்தான் வரும். ஒரே கல்லில் இரண்டு ஆபத்து. 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சுமார் 90 பேர் இறந்தார்களே, தீ பிடித்த இடம் பார்க்கிங்குக்கு என்று விட்டிருந்த அடித்தளம். அது சரக்கு அறையாகியிருந்தது. 1997 ஜூன் 13இல் டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர். டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீ, பக்கத்து பார்க்கிங்கில் அனுமதிக்கு மேல் நெருக்கி நிறுத்தியிருந்த கார்களுக்குத் தாவியது. நம் ஊரில் 2017 மே 31 விடியற்காலை தி.நகர் உஸ்மான் சாலையில் பிடித்த தீயை அணைக்க ஒரு நாளுக்கு மேல் போராடினார்கள். பிறகு அந்தக் கட்டடத்தையே இடிக்கவேண்டியதாயிற்று. விடியற்காலை என்பதால் வாடிக்கையாளர்கள் இல்லை. அதே தீ, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ஆறு மணிக்கு என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

'என்.ஓ.சி. வாங்கியிருக்கிறோம்' என்றும் சொல்வார்கள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று வழி காலியாகத்தான் இருக்கும். கோடும் பளபளக்கும். அதிகாரியின் ஜீப் தெருமுனை திரும்பியதும் ஷாமியானா எழும்பும். சான்றிதழ் ஃபிரேம் போட்டு கல்லாவுக்கு மேல் தொங்கும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. தீபாவளிக்கு முன் கடை முழுக்க சீரியல் விளக்கு கட்டுகிறார்கள். அந்தச் செலவில் ஒரு துளி எடுத்து, வருஷம் ஒரு முறை அந்தக் கோட்டையும் புதுப்பிக்கட்டும். பலகையைக் கார் மறைக்காத உயரத்தில் மாட்டட்டும். அந்த வழியில் பூந்தொட்டி, ஆஃபர் பந்தல், சரக்கு இறக்குவது எதுவும் கூடாது. பேஸ்மென்ட்டைக் கார்களுக்குத் திருப்பித் தரட்டும். அதிகாரிகள் சொல்லிவிட்டு வராமல், ஆடி ஞாயிறு மாலையில் ஒரு தடவை வந்து பார்க்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்தச் செக்யூரிட்டிக்காரருக்கு அதிகாரம் கொடுக்கட்டும். 'போடக்கூடாது' என்று சொன்னதற்காக வாடிக்கையாளர் மேனேஜரிடம் புகார் செய்தால், மேனேஜர் யார் பக்கம் நிற்கிறார்? அன்று வெள்ளைக்கார் போன பிறகு அவரிடம் கேட்டேன். "போன மாசம் ஒருத்தர்கிட்ட கறாரா சொன்னேன் சார். அன்னிக்கு சாயங்காலமே என்னைப் பின்கேட்டுக்கு மாத்திட்டாங்க. திரும்ப இங்க வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு" என்றார். பெயின்ட் அழிந்தால் பூசலாம். இப்படி ஒரு மனுஷன் வாயை அடைத்துவிட்டால் எத்தனை கோடு போட்டும் பயனில்லை.

நம் பங்குக்கு வருவோம். வழியில் வண்டி நிற்பதைப் பார்த்தால், செக்யூரிட்டியைக் கேட்காதீர்கள். உள்ளே போய் மேனேஜரைக் கேளுங்கள். பில் போடும் இடத்தில், நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள். நானும் அன்று கேட்டேன். "பார்த்துக்கறோம் சார்" என்றார். அடுத்த ஞாயிறு மறுபடி போகப்போகிறேன். புடவை மாற்றவேண்டும் என்று வீட்டிலும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பஸ்ஸில்தான் போகிறோம்.