தடை போட்டா உயிர் தப்பிக்குமா?

1/ எங்கேயாவது விபத்துல நாலு பேர் செத்தா நாம முதல்ல கேக்கறது: "தடை பண்ணுங்க". உதாரணத்துக்கு சுவிட்சர்லாந்தைக் காட்டுவாங்க. "கார் ரேஸையே ஒழிச்ச நாடு சார்!" அந்தக் கதையில பாதிதான் உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. மீதியைக் கேளுங்க.

2/ சுவிஸ் கிராண்ட் பிரி. 1934ல ஆரம்பிச்சு, போர் வருஷங்கள் போக 1954 வரை, பெர்ன் நகரத்தை ஒட்டின பிரெம்கார்ட்டன் காட்டு ரோட்டுல நடந்தது. ஓரமெல்லாம் மரம். மழை பெய்ஞ்சா வழுக்கும். 1948ல பயிற்சியின்போது இத்தாலிய வீரர் வார்ட்ஸியோட கார் கவிழ்ந்து அவர் இறந்தார். தலையில இருந்தது வெறும் துணித் தொப்பி.

3/ 1955 ஜூன். பிரான்ஸ்ல லெ மான் பந்தயம். கார் சிதறி கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சு 80 பேருக்கு மேல பலி. சுவிஸ் அரசு சர்க்யூட் ரேஸுக்கே தடை போட்டுது. 1954ல ஃபான்ஜியோ ஜெயிச்சதுதான் பெர்ன்ல கடைசி கிராண்ட் பிரி.

4/ அதனால சுவிஸ் பார்வையாளர்கள் பாதுகாப்பா இருந்தாங்க. மறுக்கல. ஆனா சுவிஸ் வீரர்கள்? வெளிநாட்டுல போய் ஓட்டினாங்க.

5/ ஜோ சிஃபெர்ட். சுவிஸ்காரர். 1968ல இங்கிலாந்துல பிராண்ட்ஸ் ஹாட்ச்ல பிரிட்டிஷ் கிராண்ட் பிரி ஜெயிச்சார். 1971 அக்டோபர்ல அதே டிராக்ல அவர் கார் மோதித் தீப்பிடிச்சுது. வயசு 35.

6/ டாக்டரா இதைப் படிக்கும்போதுதான் கோபம் வருது. அவருக்குக் கால் எலும்பு முறிவு. அதுல யாரும் அங்கேயே சாகறதில்ல. அவரைக் கொன்னது புகை. ஓரத்துல இருந்த தீயணைப்பான்கள் வேலை செய்யல.

7/ அதுக்கப்புறம்தான் காருக்குள்ளயே தீயணைப்பான், ஹெல்மெட்டுக்குள்ள குழாய் வழியா காத்துன்னு விதி வந்துது. அடுத்து வந்தவங்களுக்குப் பாதுகாப்பு தந்தது இந்த மாதிரி விதிகள். 1955 தடை இல்ல. 1982ல ஒரு சுவிஸ் கிராண்ட் பிரி நடந்துது. எங்க தெரியுமா? பிரான்ஸ்ல, டிஜோன்ல! ஆபத்து அப்படியேதான் இருந்துது, எல்லை தாண்டிப் போச்சு, அவ்வளவுதான்.

8/ தடை போட ஒரு கையெழுத்து போதும். தீயணைப்பான் வேலை செய்யுதான்னு பாக்க மாசாமாசம் ஒரு ஆள் வேணும். அதனாலதான் நமக்குத் தடை பிடிக்குது.

9/ எனக்கும் இதுல பங்கு உண்டு. எங்க வார்டு தீயணைப்பான் காலாவதி ஆகி ரெண்டு வருஷம். தினமும் அதுலதான் என் கோட்டை மாட்டுவேன். ஒருநாள்கூட தேதியைப் பாக்கல. இப்போ எழுதிக் கொடுத்து மாத்தியாச்சு. நீங்களும் இன்னைக்கே எழுந்து போய் உங்க ஆபீஸ்ல, அபார்ட்மென்ட்ல தொங்கறதோட தேதியைப் பாருங்க. அப்புறம் வந்து "தடை பண்ணு"ன்னு சண்டை போடலாம்.