இயற்கை எண்டு சொல்லிச் சீனி விக்காதேங்கோ

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா உடுவிலில் இருக்கிறா. வயது 78, பதினைந்து வருசமாய்ச் சலரோகம். போன வருசம் டொக்டர் ஏசினதில சீனியை ஒரேயடியா விட்டவ. ஏழு மாதம் வெறும் பிளேன்ரீதான். பிறகு வெளிநாட்டில இருக்கிற மாமா வட்ஸ்அப்பில ஒரு வீடியோ அனுப்பினார். பனங்கட்டி இயற்கையானது, சலரோகக்காரருக்கு ஒண்டும் செய்யாது எண்டு ஒருத்தர் வெள்ளைச் சேட்டோட நிண்டு விளங்கப்படுத்துறார். அடுத்த கிழமை வீட்டுக்குப் பனங்கட்டிக் குட்டான் வந்திட்டுது. ஒரு பிளேன்ரீக்கு ஒரு துண்டு, நாளுக்கு நாலு பிளேன்ரீ. மூண்டு மாதத்தால கிளினிக்கில பார்த்தால் வெறும் வயிற்றுச் சீனி 138 இலிருந்து 214. என்னம்மா சாப்பிட்டனீங்கள் எண்டு நேர்ஸ் கேட்டா. "சீனி தொடவே இல்லைப் பிள்ளை" எண்டு அம்மம்மா சொன்னா. அவ பொய் சொல்லேல்லை. பொய்யை வேற ஆக்கள் சொல்லி முடிச்சிட்டினம்.

அதால இதை எழுதுறம். "இயற்கை" எண்ட சொல்லோட எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. உள்ளுக்கு இருக்கிற சீனியையும் அது மறைக்குது, பின்னுக்கு நிக்கிற மனிசரையும் மறைக்குது.

முதல் சீனியைப் பாப்பம். பனங்கட்டியில பெரும்பங்கு சுக்ரோஸ். கரும்புச் சீனியில இருக்கிற அதே சுக்ரோஸ்தான். குடலுக்குள்ள போனால் ரெண்டும் ஒரே மாதிரித்தான் உடையும். பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா எண்டு குடல் விசாரிக்கிறதில்லை. பனங்கற்கண்டு இன்னும் மோசமான பகிடி. அந்தப் பளிங்குத் துண்டே சுக்ரோஸ் படிகமாகத் திரண்டதுதான், ஆனால் தொண்டைக்கு மருந்து எண்ட பேரில சீனியை விடக் கூடின விலைக்குப் போகுது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்ன அளவு, ஒரு நாளில எடுக்கிற சக்தியில 10 வீதத்துக்குக் குறைவாகத்தான் சேர்க்கப்பட்ட சீனி இருக்கலாம் எண்டது. முடிஞ்சால் 5 வீதம், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. தேனும் பாணியும் பழச்சாறும் அந்தக் கணக்குக்குள்ளதான் வரும். பனங்கட்டிக்குத் தனிச் சலுகை இல்லை.

"இரும்புச்சத்து இருக்கே?" எண்டு கேப்பினம். இருக்கு. ஆனால் சொல்லிக்கொள்ளுற அளவுக்கு இரும்பு கிடைக்கிற மாதிரிப் பனங்கட்டி தின்னப் போனால், இரும்பு வர முதல் சீனி ஆளை விழுத்திப்போடும். வேலியோரத்தில முருங்கை நிக்குதெல்லோ, அதின்ர இலையைச் சுண்டுங்கோ.

சரி, பனங்கட்டி வேண்டாம், ஸ்டீவியா எடுப்பம் எண்டு இன்னொரு கூட்டம். எங்கட வகுப்பிலயே இருக்கினம். சீனித்துளசி எண்டு நாற்றாகவும் வளர்க்கினம், சூப்பர்மார்க்கெட்டில பைக்கற்றாகவும் வேண்டுகினம். இது உண்மையிலேயே சீனி இல்லை. இலையில இருக்கிற ஸ்டீவியோல் கிளைக்கோசைட்டுகள் சீனியை விட 200, 300 மடங்கு இனிப்பு, இரத்தச் சீனியைக் கூட்டாது. அதனால சலரோகம் உள்ள ஒருத்தருக்கு டொக்டரைக் கேட்டு இதைப் பாவிக்க ஒரு நியாயம் இருக்கு. ஆனால் பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கோ. இவ்வளவு இனிப்பான தூளைக் கரண்டியால அள்ள ஏலாது எண்டதால நிரப்புறதுக்கு எரித்ரிட்டோல், டெக்ஸ்ட்ரோஸ், மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் எண்டு ஏதாவது சேர்ப்பினம். டெக்ஸ்ட்ரோஸ் எண்டது குளுக்கோஸ்தான். எரித்ரிட்டோல் இரத்தத்தில கூடுதலா இருந்தவைக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலா வந்ததை 2023 இல் வந்த ஒரு ஆய்வு காட்டினது. அதுதான் காரணம் எண்டு அந்த ஆய்வு நிறுவேல்லை, எண்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுற சாமான் இல்லை எண்டது விளங்குது. முன் பக்கத்தில பச்சை இலைப் படம், பின் பக்கத்தில பொடி எழுத்து. முன் பக்கத்தைப் படிச்சு வேண்டுறது படிப்பில்லை.

அதே 2023 இல், மே மாதம், உடல் எடையைக் குறைக்க எண்டு இப்படியான இனிப்பூட்டிகளைப் பாவிக்காதேங்கோ எண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்தப் பட்டியலில சக்கரினும் அஸ்பார்ட்டேமும் மட்டுமில்லை, ஸ்டீவியாவும் இருக்கு. ஏற்கெனவே சலரோகம் உள்ளவைக்கு அந்த அறிவுரை இல்லை. மெலியிறதுக்காக ஸ்டீவியா கலந்து குடிக்கிற எங்கட நண்பர்களுக்குத்தான் அது.

இனி மனிசருக்கு வருவம். சீனித்துளசியை உலகத்துக்குத் தந்தது எந்தக் கொம்பனியும் இல்லை. பராகுவேயில வாழுற குவாரனி மக்கள் தலைமுறை தலைமுறையாய் அந்த இலையைப் பாவிச்சவை. 1899 இல் பெர்ட்டோனி எண்ட தாவரவியலாளர் எழுதி வைச்ச பிறகுதான் விஞ்ஞானத்துக்கு அது தெரியும். இண்டைக்கு அதில பெரிய வியாபாரம் நடக்குது, எங்களுக்குரிய பங்கு எங்க எண்டு குவாரனி மக்கள் கேட்டுக்கொண்டு நிக்கினம். பைக்கற்றில அவையின்ர பேரைக் காணேல்லை, "இயற்கை" எண்டுதான் கிடக்கு.

பராகுவே தூரம் எண்டு நினைக்காதேங்கோ. பனங்கட்டியில யாற்ற பேர் இருக்கு? சீவுறவர் காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாய் ஏறி இறங்க வேணும். பாளையைச் சீவி, முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசிக் கட்ட வேணும். சுண்ணாம்பு இல்லாட்டிக் கருப்பணி இல்லை, கள்ளு. இறக்கின கருப்பணியைப் பெண்கள் தாச்சியில வைச்சு, விறகு தள்ளித் தள்ளி, புகைக்குள்ள நிண்டு காய்ச்சுவினம். ஏழு எட்டு லீற்றர் வத்தினால்தான் ஒரு கிலோ. கள்ளெண்டால் இறக்கினவுடன காசு. சீவுறதில பெரும்பங்கு கள்ளுக்குப் போறதைப் பற்றி மேடையில ஒப்பாரி வைக்கிறவை இந்தக் கணக்கைப் பாக்கிறதில்லை.

அந்த மேடைகளில "கற்பகதரு" எண்டுவினம். மரத்துக்கு அவ்வளவு மரியாதை. மரம் ஏறினவருக்கு? இந்தக் குடாநாட்டில தேத்தண்ணிக் கடைகள் அவைக்கு வேற ஏனத்தில தேத்தண்ணி குடுத்தது. 1957 இல் சட்டம் வந்த பிறகும் குடுத்தது. எங்கட ஊருக்குப் பக்கத்தில, சுன்னாகத்தில, 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் தொடங்கேக்க பொலிஸ் அடிச்சது. அடி வாங்கியும் சனம் யாழ்ப்பாணம் வரைக்கும் நடந்தது. கடைக்காரன் கடிக்கத் தந்த பனங்கட்டி நல்லது, அதைச் செய்த ஆளின்ர கை படாத கிளாஸ் வேணும். இதைத்தான் நாங்கள் "எங்கட பாரம்பரிய இனிப்பு" எண்டு இப்ப இன்ஸ்ராகிராமில போடுறம். ஓலைக்குட்டான் படம் வடிவாத்தான் இருக்கு. தன்ர பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது எண்டு சீவல் தொழிலாளி ஏன் நினைக்கிறார் எண்டதை அந்தப் படத்துக்குக் கீழ எழுதிப் பாருங்கோவன்.

விலையைப் பற்றியும் கதைக்க வேணும். இலங்கையில பாவிக்கிற சீனியில பெரும்பகுதி இறக்குமதி. 2020 ஒக்ரோபரில ஒரு கிலோ சீனிக்கான விசேட பண்ட வரியை அரசாங்கம் 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு இறக்கினது. பேனையால ஒரு கீறு. சீவுறவருக்கு அப்படி ஒரு கீறு எந்தக் காலத்திலயும் விழேல்லை. 1978 இல் தொடங்கின பனை அபிவிருத்திச் சபை இருக்கு, சங்கங்கள் இருக்கு, கண்காட்சிகளும் நடக்குது. எண்டாலும் மலிஞ்ச சீனியைப் பாணியாக்கிப் பனங்கட்டியில கலக்கிறது இண்டைக்கும் லாபமான வேலை. அப்ப நல்ல பனங்கட்டி காய்ச்சுறவர் ரெண்டு பக்கத்தாலயும் தோக்கிறார்.

"அப்ப பனங்கட்டி வேண்டாம் எண்டுறியளோ?" எண்டு இதை முதல் வாசிச்ச நண்பன் கேட்டான். இல்லை. வேண்டுங்கோ, உணவு எண்டு வேண்டுங்கோ, மருந்து எண்டு வேண்டாதேங்கோ. சீனிக்குப் பதில் அதே அளவு போட்டால் ஒரு நன்மையும் இல்லை. எங்கட பழைய ஆக்கள் அதைத் தேத்தண்ணிக்குள்ள கரைக்கேல்லை. உள்ளங்கையில ஒரு சின்னத் துண்டை வைச்சு நுனியில கடிச்சுக் கடிச்சு ஒரு கோப்பை முழுக்கக் குடிச்சவை. பொருளாதாரத் தடைக் காலத்தில சீனி கண்ணில படாதபோது அப்படித்தான் ஒரு துண்டை மூண்டு பேர் பங்கிட்டதெண்டு அம்மம்மா சொல்லுவா. மருதனார்மடத்திலயோ சுன்னாகம் சந்தையிலயோ வேண்டேக்க, எந்த ஊரில காய்ச்சினது, ஆர் காய்ச்சினது, சீனி கலந்ததோ எண்டு கேளுங்கோ. வெளிறி, கல்லு மாதிரி இறுகி, உடைச்சால் சீனி மினுங்கிறதை விடுங்கோ. கறுத்து, மாரியில கசியிறதுக்குச் சொல்லுற விலையைக் குடுங்கோ. சூப்பர்மார்க்கெட்டில ஸ்டீவியா பைக்கற்றுக்குப் பேரம் பேசாதவை குட்டானுக்கு இருபது ரூபா குறைக்கச் சொல்லுறதை நாங்கள் கண்ணால கண்டிருக்கிறம்.

அம்மம்மாவின்ர குட்டான் இப்ப அலுமாரியின்ர மேல் தட்டில. ஞாயிற்றுக்கிழமை மட்டும், நகக்கண் அளவு. மற்ற நாளில வெறும் பிளேன்ரீ. வாற மாதம் திரும்பக் கிளினிக். பக்கத்து வீட்டுப் பெடியன் உயரம் எண்டதையும், அவன் இப்ப அடிக்கடி அங்க போய் வாறதையும் நாங்கள் கவனிச்சுக்கொண்டுதான் இருக்கிறம்.