ஈரடிமான மடக்கைக்கு அயலடி எதற்கு?

பொறி பிழைபட்டது என்று பழிதூற்றுவோர் பெருகிவிட்டனர். பொறியா பிழைபட்டது? அதனை ஏவியவனின் மடிமையன்றோ பிழைபட்டது!

2-ஐ எத்தனையாம் அடுக்குக்கு உயர்த்தினால் ஓர் எண் கிடைக்கும் என்று கூறுவதே ஈரடிமான மடக்கை. 8-க்கு 3, 1024-க்கு 10. கணிப்பொறி எண்களை வைத்திருப்பதே இரண்டின் அடுக்குகளாகத்தான். ஆகவே, இம்மடக்கை அதன் வீட்டுச் செல்வம்.

அங்ஙனமிருக்க, பயிற்றுநர் பலர் கற்பிப்பது என்ன? "இயல் மடக்கையைக் கண்டு, 2-இன் இயல் மடக்கையால் வகுத்துக்கொள்" என்கின்றனர். பைத்தான் மொழியில் 'லாக்' சார்புக்கு அடிமானம் 2 என்று கொடுத்தாலும் உள்ளே நிகழ்வது இவ்வகுத்தலே. தாளில் இவ்வாய்பாடு மெய், பொறியிலோ பொய்க்கும்! 2-இன் இயல் மடக்கை முடிவிலாப் பின்னம். பொறியோ அதனை 53 இரும இலக்கங்களுக்குள் அடக்குகின்றது. மேலெண்ணும் நறுக்குண்டது, கீழெண்ணும் நறுக்குண்டது, ஈவும் நறுக்குண்டது. விளைவு? 2-இன் 29-ஆம் அடுக்காகிய 53,68,70,912-ஐக் கொடுத்தால், 29.000000000000004 என்று விடை வருகின்றது. அதனை அடுத்த மேல் முழு எண்ணாக்கினால் 30! 29 இலக்கம் போதுமான இடத்தில் ஒன்று மிகை.

"துகளளவுப் பிழைதானே, கிட்டிய முழு எண்ணாக்கிக் கொள்வோம்" என்பர். அவ்வாறாயின் 1000-இன் மடக்கையாகிய 9.97-உம் 10 ஆகிவிடுமே! 9 வேண்டுவோன் எங்கே போவான்?

வழி இல்லாமலா இவ்வழிவு? சி மொழியின் நூலகம் 1999-ஆம் ஆண்டுத் தரத்திலேயே 'லாக்2' சார்பைப் பெற்றது. பைத்தான் 2012-இல் பெற்றது. 2-இன் 29-ஆம் அடுக்குக்கு அது 29 என்றே விடை தரும்.

எனினும் அதற்கும் எல்லை உண்டு. 2-இன் 53-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணுக்கும் அது 53 என்றே கூறும். கீழ் முழு எண் 52 அன்றோ! முழு எண் விடையே வேண்டுவோர் பின்னத்தை நாடுவானேன்? பைத்தான் முழு எண்ணோடு 'பிட்_லெங்த்' என்னும் செயல் ஒட்டியே உள்ளது. அது தரும் இலக்க எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் கீழ் முழு மடக்கை. எண்ணில் முதலில் ஒன்றைக் கழித்துப் பின் இலக்கங்களை எண்ணினால் மேல் முழு மடக்கை. எவ்வளவு பெரிய எண்ணாயினும் பிழையே இல்லை!

இளையோரே! தன் வீட்டுக் கதவைத் திறக்க அயலான் திறவுகோலை இரவல் வாங்குவது அறிவுடைமையாகுமா? ஈரடிமானத்தை ஈரடிமானத்திலேயே காண்மின்! மனப்பாட வாய்பாட்டை விடுத்து, பொறியின் இயல்பறிந்து ஏவுமின்! அது செம்மையாய் விடையிறுக்கும்.