தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பாளி யார்?

வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குச் சென்று வந்தவர்களுள் 10 பேருக்கு, 2022-23-ஆம் ஆண்டுகளில், மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி மூளையைத் தாக்கி, அவர்களில் 8 பேர் மாண்டுபோனார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும், நமது அயப்பாக்கத்திலேயே இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும் சேர்ந்து ஆராய்ந்தபோது, ஈறு நெம்பும் கருவியைக் கொண்டே சலைன் பாட்டிலைத் திறந்து, மிஞ்சியதைப் பஞ்சால் அடைத்து வைத்து, மறுபடியும் எடுத்துப் பயன்படுத்திய வழக்கமே அந்த விபரீதத்திற்குக் காரணமாகியிருக்கும் என்று தெரியவந்தது.

இத்தகைய வழக்கம் எந்த மருத்துவமனையிலும் ஒருவர் கண்ணிலும் படாமல் வேரூன்றிவிடக் கூடியது. ஆகையால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சிறு மருத்துவமனைகளின் கூட்டமைப்பாகிய நாங்கள், தொற்றுத் தடுப்பு என்பது பரிசோதனைக்கு அதிகாரிகள் வரும் நாளில் எடுத்துக் காட்டும் ஃபைலாக இராமல், பெயர் சொல்லிக் குறிப்பிடத்தக்க ஒருவருடைய முழுநேரப் பொறுப்பாக இருத்தல் அவசியம் என்று அபிப்பிராயப்படுகிறோம்.

250 படுக்கைகளுக்கு ஒருவர் வீதமாவது இப்பணிக்கென்றே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வகுத்த அளவு. இருபது, முப்பது படுக்கைகளே உடைய எங்களில் பலர் அதைச் சொல்லியே இதுவரை தப்பித்து வந்திருப்பது நியாயமாகாது. அண்டையிலுள்ள மருத்துவமனைகள் சில ஒன்றுகூடி, பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரை நியமித்து, சம்பளத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அதிகாரம் இல்லாத நியமனம் வீண். கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் சரியாக வேலை செய்யவில்லை என்று அவர் கண்டால், தலைமை மருத்துவரே கத்தியோடு காத்திருந்தாலும், அன்றைய அறுவைச் சிகிச்சையை நிறுத்திவைக்க அவரால் முடிய வேண்டும்.

திறந்த மருந்துக் குப்பியில் தேதி எழுதியிருக்கிறதா, அறுவைக்குப் பின் யாருக்குக் காய்ச்சல் வந்தது, மஞ்சள் பையிலிட்ட கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் தேங்குகிறதா என்பவற்றை அவர் நாள்தோறும் பார்த்துப் பதிய வேண்டும். கை கழுவும் விஷயத்தில், டேங்கர் லாரியை எதிர்பார்த்திருக்கும் கோடைக்காலத்தில் குழாயடியை மட்டும் நம்புவது பேதைமை. கண்ணுக்கு அழுக்குத் தெரியாத கைக்கு 20 முதல் 30 வினாடி தேய்க்கும் ஆல்கஹால் திரவம் போதுமாதலால், ஒவ்வொரு கட்டிலருகிலும் அது இருந்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் வரும் துப்புரவுப் பணியாளர்களுக்கு, ஊசி குத்திவிடும் அபாயம் அவர்களுக்கே அதிகமாதலால், ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியைப் போட்ட பின்னரே கையில் கழிவுப் பையைக் கொடுக்க வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாகவே இருக்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் செலவாகும் என்பது மெய்தான். அதை நோயாளியின் பில்லில் தனிக் கட்டணமாகச் சேர்க்க எந்த உறுப்பினர் முனைந்தாலும், கூட்டமைப்பு அதனை ஆதரிக்காது.