பின்னமான சிலைகளும் சிற்பியின் கடமையும்

பழம்பொருளொன்று சிதைந்து கிடப்பதைக் காணுங்கால், அதனைச் செப்பனிட வேண்டுமென்னும் எண்ணம் எவர்க்கும் இயல்பாகவே எழும். கையிழந்த சிலைக்குக் கையும், தலையிழந்த சிலைக்குத் தலையும் கொடுப்பது ஓர் அறச்செயல் போலவே தோன்றும். ஆயின், அங்ஙனம் கொடுக்கப்பெற்ற கை உண்மையில் யாருடைய கை என்று வினவுவோர் மிகச் சிலரே. இவ்வினாவிற்கு விடை காண, ஐரோப்பியச் சிற்பிகளுள் தலைசிறந்தவர் ஒருவர் செய்த வேலையை ஆராய்தல் நலமாகும்.

அவரே பெர்ட்டெல் தோர்வால்ட்சன் என்பார். 1770-ஆம் ஆண்டில் டென்மார்க்கு தேசத்தில் ஓர் ஏழை மரச்சிற்பியின் மகனாகப் பிறந்தார். 1797-இல் உரோமாபுரியை அடைந்து, கிரேக்க உரோமச் சிலைகளையே ஆசானாகக் கொண்டு, ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அந்நகரில் உழைத்தார். இரு கரங்களையும் தாழ விரித்து நிற்கும் கிறிஸ்துநாதரின் திருவுருவத்தைப் படங்களிலேனும் கண்டிராதார் நம்முள் அரியர். கொபன்ஹேகன் நகரத்து ஆலயத்தில் உள்ள அதன் மூலம் இவர் படைத்ததே.

அக்காலத்து உரோமாபுரியில் பின்னமான சிலைகளைப் புதுக்குதல் ஒரு பெருந்தொழிலாயிருந்தது. பழஞ்சிலைகளைத் தம் மாளிகைகளில் நிறுத்த விரும்பிய பிரபுக்கள் முழுவுருவங்களையே விரும்பினர். அங்கங் குறைந்தவற்றை மதித்தாரில்லை. ஆகவே கவாசெப்பி முதலிய வல்லுநர் பலர் இத்தொழிலால் புகழும் பொருளும் எய்தினர்.

1811-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் ஜெர்மானியருமான சில இளைஞர், கிரேக்க தேசத்து ஏஜினாத் தீவில் அபாயா என்னும் தேவதையின் கோயிலை அகழ்ந்தபோது, அதன் முகப்புகளை அலங்கரித்த சலவைக்கற் சிலைகள் பல துண்டுகளாக வெளிப்பட்டன. அவை ஏறக்குறைய 2,500 ஆண்டுகட்கு முற்பட்ட போர்வீரர் உருவங்கள். மறு ஆண்டில் பவேரியா நாட்டு இளவரசர் லூட்விக் அவற்றை விலைக்கு வாங்கி, உரோமாபுரிக்கு அனுப்பித் தோர்வால்ட்சனிடம் ஒப்புவித்தார்.

1816-இல் வேலை தொடங்கிற்று. இல்லாத தலைகளும், கைகளும், கால்களும் புதிய சலவைக்கல்லிற் செதுக்கப்பட்டன. பழைய உறுப்பின் முறிந்த வாயைச் சமமாகச் செதுக்கி, துளையிட்டு, இரும்பு முளை செருகிப் புதிய உறுப்பைப் பொருத்தினர். பழமை எது, புதுமை எது எனப் பிரித்தறியவியலாதவாறு அவ்வேலை முடிந்தது. புதிய உறுப்புகள் எவையென ஒருவர் வினவியபோது, தமக்கே அவை தெரியவில்லையெனத் தோர்வால்ட்சன் மறுமொழி கூறினாரென ஒரு செய்தி வழங்குகிறது. அது மெய்யோ, புனைந்துரையோ, அவர் கைத்திறத்தின் பெருமைக்குச் சான்றாகும். ஆனால் அப்பெருமையே அதன் குற்றமுமாயிற்று என்பது எமது கருத்து.

என்னையெனின், 1901-இல் பூர்த்வாங்லர் என்னும் ஜெர்மானிய அறிஞர் அக்கோயிலை மீண்டும் அகழ்ந்து மேலும் பல துண்டுகளைக் கண்டெடுத்தார். அவற்றைக்கொண்டு ஆராய்ந்தபோது, வீரர்களின் உறுப்புகள் நின்ற நிலையும், அவர்கள் முகப்பில் நின்ற வரிசையும் தோர்வால்ட்சன் காலத்தார் கருதியவாறு இருந்தனவல்ல என்பது பலவிடங்களிற் புலனாயிற்று. முறிந்த வாய்கள் முன்னரே செதுக்கப்பட்டு விட்டமையால், உண்மைத் துண்டு கிடைத்தாலும் அது பொருந்தும் இடத்தை உறுதி செய்தல் அரிதாயிற்று. அறியாமையாற் செய்த பிழையைத் திருத்தலாம்; திருத்துதற்குரிய சான்றையே அழித்தபின் யாது செய்வது?

இவ்வாறு நேர்ந்தது ஏஜினாச் சிலைகளுக்கு மட்டுமன்று. 1506-இல் உரோமாபுரியிற் கிடைத்த லாவோகோவன் சிலைக்கு வலக்கை இல்லாதிருந்தது. மேலே நீட்டிய கையொன்றைப் பின்னோர் சேர்த்தனர். நானூறு ஆண்டுகள் உலகம் அக்கோலத்தையே வியந்தது. 1905-இல் மெய்யான கை அகப்பட்டபோதோ, அது தோளை நோக்கிப் பின்வளைந்திருக்கக் கண்டனர்!

இனி, மற்றொரு சிற்பியின் ஒழுக்கத்தையும் நோக்குவோம். ஆதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயிற் சிலைகளைப் பெயர்த்துக்கொணர்ந்த எல்கின் பிரபு, அவற்றைப் புதுக்கித்தருமாறு இத்தாலியச் சிற்பி கனோவாவை வேண்டினார். புகழின் உச்சியிலிருந்த அவர், அப்பெரியோர் வேலையின்மேல் உளி வைத்தல் தகாதென மறுத்துவிட்டார். அச்சிலைகள் இன்றும் குறையுறுப்புகளோடே இலண்டன் காட்சிச்சாலையில் நிற்கின்றன. அவற்றைப் பெயர்த்தது முறையோவென்பது வேறு வழக்கு. ஆயின் அவற்றுள் நாம் காண்பது கிரேக்கர் கைவேலையேயன்றிப் பிறிதன்று.

குறையுருவைக் கண்டு கல்லாதார் என்ன இன்பம் பெறுவர் என்று சிலர் தடை கூறலாம். அத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. முழுவுருவைக் காட்ட விரும்புவோர், மூலத்தை அச்செடுத்துச் சாந்தினாற் பிரதி வார்த்து, அப்பிரதியில் தம் கருத்தின்படி கையும் தலையும் சேர்க்கட்டும். கருத்து மாறினாற் பிரதி மாறும், மூலத்திற்கு ஊறில்லை. தோர்வால்ட்சன் தாமே இதனினும் சிறந்த வழியொன்றைக் காட்டியுள்ளார். ஏஜினாச் சிலைகளிற் கண்ட பழைய பாணியைத் தழுவி, 1817-இல் 'நம்பிக்கை' என்னும் பெண்ணுருவைத் தம் படைப்பாகவே ஆக்கினார். அவர் கற்ற கல்வி அங்கே எவரையும் மயக்காது, அவர் பெயராலேயே நின்று விளங்குகின்றது.

1960-ஆம் ஆண்டுகளில் மியூனிக் காட்சிச்சாலையார் தோர்வால்ட்சன் சேர்த்த உறுப்புகளை நீக்கிவிட்டனர். நூற்றைம்பது ஆண்டு நிலைத்த மாசிற்பியின் வேலையும் சரித்திரமேயன்றோ, அதனைக் கலைத்தல் மற்றொரு சிதைவன்றோ என வருந்தினாரும் உளர். அவ்வருத்தத்தில் நியாயமுண்டு. எனினும், இரு சாட்சிகள் ஒரே குரலிற் பேசும்போது, மூத்த சாட்சியைத் தனித்துக் கேட்பதே முறையாகலின், நீக்கியது சரியென்றே யாம் துணிகிறோம். முதலிலேயே கல்லிற் கை வையாதிருந்தால் இவ்விரண்டு இழப்பும் நேர்ந்திரா.

மாணவ நண்பர்காள்! செல்லரித்த ஏட்டைப் படிப்போர்க்கும், முற்காலச் சரித்திரம் எழுதுவோர்க்கும், பிறர் சொல்லை எடுத்துரைப்போர்க்கும் இந்நெறி ஒன்றே. அறியாத இடத்தை வெற்றிடமாக விடுதற்கு மனத்திண்மை வேண்டும். அதனை அழகாக நிரப்புவதற்குத் திறமை ஒன்றே போதும். திறமை மிக்கார்க்கே இச்சோதனை கடிது. நம் கைவேலை எவ்வளவு சிறந்ததாயினும், அதனைப் பிறர் கைவேலையென்று உலகம் நம்புமாறு விட்டுச்செல்லுதல் உண்மைக்கு அடுத்ததன்று.