வீடு வாங்குமுன் மாடிப்படி ஏறுங்கள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் என்னைக் கொம்பனித்தெருவுக்கு அழைத்துச் சென்றார். ஆறு வீடுகள் கொண்ட பழைய மாடிக் கட்டடம் ஒன்று விலைக்கு வந்திருந்தது. "பேர வாவி அருகில், புகையிரத நிலையமும் பக்கத்தில். ஆறு வாடகை வந்தால் முதுமைக்கு வேறென்ன வேண்டும்?" என்றார்.

வாடகைப் பற்றுச்சீட்டுகளைக் கேட்டுப் பார்த்தோம். இரு வீடுகளின் வாடகை சோலைவரிக்கே போதாது. மேல்மாடியில் முதிய மலாய் அம்மையார் ஒருவர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவர். "புது முதலாளி எங்களை எழுப்பிவிடுவாரோ?" என்று அவர் வினவ, நண்பர் என் முகத்தைப் பார்த்தார்.

வாசகர்களே, ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டத்தில் ஒரு விதியுண்டு: விற்பனையால் வாடகை உரிமை அறுந்துபோகாது. வீட்டை வாங்குபவர் குடியிருப்பவரையும் சேர்த்தே ஏற்கின்றார். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், அதற்குட்பட்ட வீடுகளின் வாடகைக்கு வரம்பிட்டு, வெளியேற்றுவதற்கான காரணங்களையும் சுருக்கியது. அது பின்னர் பலமுறை திருத்தப்பட்டமையால், எந்த வீடு அதில் அடங்குமென்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிதல் அவசியம்.

ஆகவே உறுதியை நொத்தாரிசிடம் காட்டுங்கள்; காணிப் பதிவகத்தில் ஈடு இருக்கின்றதா எனத் தேடுங்கள்; சோலைவரி நிலுவையை மாநகர சபையில் விசாரியுங்கள். கூரையையும் கழிவுநீர்க் குழாயையும் மேசனொருவர் பார்க்கட்டும். அதன்பின் ஒவ்வொரு கதவையுந் தட்டி, இருப்பவரோடு பேசுங்கள்.

நண்பர் இப்பொழுது விலையை மீண்டும் கணக்கிடுகின்றார். இம்முறை அம்மையார் அங்கேயே இருப்பார் என்று வைத்துத்தான் கணக்கு.